பந்தய அணிகள் ஒன்றாகும்போது யாருடைய பெயர் மிஞ்சுகிறது?

ஒலிபரப்பில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2025 டிசெம்பர் 7 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அபுதாபி யாஸ் தீவில் அந்த வருடத்தின் கடைசி ஃபோர்மியூலா 1 பந்தயம் நடந்தது. மகள் வீட்டில் பேரனோடு இருந்து பார்த்தேன். பப்பாப்பழ நிற மெக்லாரன் காரில் ஓடிய லாண்டோ நொரிஸ் மூன்றாவதாக வந்து, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் உலக சம்பியன் ஆனார். பேரன் துள்ளிக் குதித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "அம்மப்பா, மெக்லாரன் எந்த நாட்டு ரீம்?"

உடனே பதில் வரவில்லை. பெயர் ஒரு நியூசிலாந்துக்காரருடையது. தொழிற்சாலை இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில். சொந்தக்காரர் பஹ்ரேன் அரசின் முதலீட்டு நிதியும் அபுதாபிக் கம்பனி ஒன்றும். கார் ஓடும் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த அணிகள் எப்படி விற்கப்படுகின்றன, ஒன்றோடொன்று எப்படி இணைக்கப்படுகின்றன, இணைத்த பிறகு யார் உள்ளே யார் வெளியே என்ற கதையைச் சொல்ல ஆள் குறைவு. வளைகுடாவில் கராஜில் வேலை செய்த எனக்கு அந்தக் கதைதான் விளங்குகிறது.

1980 களின் கடைசியில் நான் சார்ஜா கைத்தொழிற் பகுதியில் ஒரு கராஜில் கியர்பொக்ஸ் வேலை பார்த்தேன். நடத்தியவர் ஒரு மலையாளி, லைசென்ஸ் அந்த நாட்டு அர்பாப்பின் பெயரில். பக்கத்துக் கராஜ் ஒரு பாகிஸ்தானியருடையது. 1990 ஆம் ஆண்டு வைகாசி மாதம் இரண்டையும் ஒன்றாக்கப் போகிறோம் என்றார்கள். இடையிலிருந்த சுவரை இடித்தால் பெரிய கராஜ், பெரிய வேலை பிடிக்கலாம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். சுவரை இடித்ததும் உண்மைதான். ஆனால் இரண்டு லைசென்ஸ் தேவையில்லை என்று எங்களுடையதை இரத்துச் செய்தார்கள். எங்கள் லைசென்ஸில் விசா இருந்தவர்கள் பதினொரு பேர். அடுத்த லைசென்ஸுக்கு மாற இடமிருந்தது ஐந்து பேருக்கு. கியர்பொக்ஸ்காரன் அங்கே இல்லாததால் நான் தப்பினேன். பெயின்ற் அடிக்கிறவர்கள் அங்கே ஏற்கனவே இருந்தார்கள். அதனால் என்னோடு ஒரே அறையில் படுத்த கரவெட்டிப் பொடியனுக்கு இடமில்லை. புதிய பெயர்ப்பலகையை எழுதியது அவன்தான். எழுதி முடித்த கிழமை அவனுடைய பத்தாக்காவை வாங்கிக்கொண்டார்கள். யூன் மாதம் நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கி யாழ்தேவியும் நின்றுபோயிற்று. வீட்டுக்குப் போக வழியில்லை, இருக்க விசா இல்லை.

உங்களில் பலர் வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் இப்போது இருக்கும் நாடுகளுக்கு வந்தீர்கள். ஆகவே இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு கம்பனி ஒன்றாகும்போது இயந்திரமும் ஆட்களும் சேருகிறார்கள் என்று வெளியில் சொல்வார்கள். உள்ளே நடப்பது, எந்தக் கடதாசியை வைத்துக்கொள்வது எந்தக் கடதாசியைக் கிழிப்பது என்ற தீர்மானம். பந்தயத் தொழிலிலும் இதுதான் நடந்திருக்கிறது. அங்கே அந்தக் கடதாசிக்குப் பெயர் நுழைவுரிமை. தொடக்கக் கோட்டில் காரைக் கொண்டுவந்து நிறுத்தும் உரிமை.

மெக்லாரனில் இருந்தே தொடங்குவோம். புரூஸ் மெக்லாரன் 1963 இல் கம்பனியைத் தொடங்கி, 1966 இல் மொனாக்கோவில் முதன்முதலாகத் தன் பெயரிலான காரை ஃபோர்மியூலா 1 இல் ஓட்டினார். 1970 யூன் 2 ஆம் திகதி இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் கார் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்தார். ரெடி மேயர் என்ற அமெரிக்கர் அணியைத் தொடர்ந்து நடத்தினார். 1974 இலும் 1976 இலும் சம்பியன் பட்டம் கிடைத்தது. 1977 க்குப் பிறகு வெற்றியே இல்லை. பணம் கொடுத்துக்கொண்டிருந்த மார்ல்பரோ சிகரெட்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அவர்களிடமே உதவி பெற்றுவந்த இன்னொரு சிறிய அணி இருந்தது. பெயர் புரொஜெக்ற் ஃபோர். நடத்தியவர் ரொன் டெனிஸ், மெக்கானிக்காக இருந்து முதலாளியானவர். 1980 இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

இரண்டு வருடத்தில் மேயர் தன் பங்கை விற்றுவிட்டுப் போய்விட்டார். அதிகாரம் முழுவதும் வந்து சேர்ந்த சின்ன அணியின் கையில். ஆனாலும் பலகையில் மெக்லாரன் என்ற பெயரே இருந்தது. சின்ன அணியின் பெயர் காரின் இலக்கத்துக்குள் ஒளிந்துகொண்டது. 1981 இலிருந்து வந்த மெக்லாரன் கார்களுக்கு எம்பி4 என்று பெயர் வைத்தார்கள். அந்த 4 தான் புரொஜெக்ற் ஃபோர். டெனிஸ் 2016 இன் முடிவில் தலைமையிலிருந்து அகற்றப்பட்டார். 2017 இல் வந்த காரில் அந்த எம்பி4 இல்லை. முப்பத்தாறு வருடம் இருந்த எழுத்து ஒரே குளிர்காலத்தில் போய்விட்டது. ஆளைப் பார்த்துத்தான் பெயர் நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வளைகுடாப் பணம் எப்போது வந்தது? 2000 க்குப் பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1978 இல் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற ஏழை அணி முதலாளியின் காரில் சவூதி விமானக் கம்பனியின் பெயர் இருந்தது. 1979 இல் சில்வர்ஸ்டோனில் அந்த அணி முதல் வெற்றி பெற்றபோது, சவூதிக்காரரின் மனம் நோகக்கூடாது என்று சாரதி ரெகஸோனி மேடையில் சாம்பெயினைத் தொடவில்லை. 1980 இல் அதே அணியின் அலன் ஜோன்ஸ் உலக சம்பியன். அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் ராக் என்ற நிறுவனமும் இருந்தது. சிரியாவில் பிறந்து சவூதிக் குடியுரிமை பெற்ற அக்ரம் ஓஜே தொடங்கியது அது. அவருடைய மகன் மன்சூர் ஓஜே பிறகு மெக்லாரனுக்கு மாறி, போர்ஷே செய்த இயந்திரத்துக்குப் பணம் போட்டு, அணியின் பங்காளியும் ஆனார். 2007 சனவரியில் பஹ்ரேனின் மும்தலகாத் முதலீட்டு நிறுவனம் மெக்லாரனில் 30 சதவீதம் வாங்கியது. ஒரு தலைமுறைக்கு முன்பு காரில் பெயர் எழுத இடம் வாங்கியவர்கள் இப்போது காரையே வாங்கினார்கள்.

அபுதாபியின் முறை 2009 இல் வந்தது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் கடதாசியின் வேலை வெளிச்சமாகத் தெரிகிறது. கென் ரிரெல் என்ற மரவியாபாரியின் அணி 1971 இல் சம்பியன். இருபத்தைந்து வருடம் கழித்து அது நலிந்துபோனது. 1997 இன் கடைசியில் பிரிட்டிஷ் அமெரிக்கன் புகையிலைக் கம்பனியின் பணத்தோடு வந்தவர்கள் அதை வாங்கினார்கள். ரிரெலின் பழைய பட்டறை ஒக்கம் என்ற கிராமத்தில். வாங்கியவர்கள் அங்கே குடிபோகவில்லை. பிராக்லி என்ற வேறு ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டி, 1999 இல் பார் என்ற புதுப் பெயரில் புதுக் காரை ஓட்டினார்கள். பழைய இடத்திலிருந்து அவர்களுக்குத் தேவைப்பட்டது நுழைவுரிமை ஒன்றுதான்.

அதன் பிறகு அந்த அணி ஹொண்டாவாக மாறியது. 2008 டிசெம்பரில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஹொண்டா விட்டுவிட்டுப் போனது. அணித் தலைவராக இருந்த ரொஸ் பிரோன் ஒரே ஒரு பவுணுக்கு அணியை வாங்கினார். வேலை இழந்தவர்கள் பலர். மிஞ்சியவர்கள் 2009 இல் 17 பந்தயத்தில் 8 இல் வென்று இரண்டு சம்பியன் பட்டத்தையும் எடுத்தார்கள். அந்த வருடம் நவம்பர் 1 ஆம் திகதி அபுதாபியில் முதல் ஃபோர்மியூலா 1 பந்தயம் நடந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு, நவம்பர் 16 ஆம் திகதி, ஜேர்மனியின் டெய்ம்லரும் அபுதாபியின் ஆபார் நிறுவனமும் சேர்ந்து பிரோன் அணியின் 75.1 சதவீதத்தை வாங்குவதாக அறிவித்தன. அதில் ஆபாரின் பங்கு 30. ஆபார் அதே வருடம் மார்ச்சில் டெய்ம்லரிலேயே 9.1 சதவீதத்தை 195 கோடி யூரோவுக்கு வாங்கியிருந்தது. பெயர் மெர்சிடிஸ் ஆயிற்று. உலக சம்பியனான பிரோன் என்ற பெயர் ஒரே ஒரு பருவம்தான் இருந்தது. ஆபாரும் சில வருடங்களில் விலகிவிட்டது.

இனி நம்மவர் ஒருவரின் கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 மார்ச்சில் ஃபோர்மியூலா 1 இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். ஏப்ரல் 3 ஆம் திகதி பஹ்ரேன் பாலைவனத்திலுள்ள சாகிர் தடத்தில் ஓடினார். கார் பழுதாகி இடையில் நின்றது. வளைகுடாத் தமிழருக்கு அன்று முடிவு பெரிய விஷயமாக இருக்கவில்லை. தமிழ்ப் பெயருள்ள ஒருவர் அந்த வரிசையில் நின்றதே போதும். அவர் ஓட்டியது மஞ்சள் நிற ஜோர்டன் கார். ஆனால் அவர் முதல் பந்தயம் ஓடுவதற்கு முன்பே, அந்த வருடம் சனவரியில், எடி ஜோர்டன் அணியை மிட்லண்ட் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஏன் பழைய அணியை வாங்க வேண்டும், புதிதாகத் தொடங்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர் 4 கோடி 80 இலட்சம் டொலர் பிணைப்பணம் கட்ட வேண்டும். பழைய அணியை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

பருவம் முடிய நரேனுக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. அணி 2006 இல் மிட்லண்ட், பிறகு ஸ்பைக்கர், 2008 இல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா. 2018 யூலையில் அதுவும் கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. கனடாக் கோடீஸ்வரர் லோரன்ஸ் ஸ்ரோல் தலைமையிலான கூட்டம் சொத்துக்களை வாங்கியது. 405 பேரின் வேலை காப்பாற்றப்பட்டது. ஆனால் பழைய நுழைவுரிமை கைமாறவில்லை. புது அணி என்று பதிவு செய்ய வேண்டியதாயிற்று. விளைவு என்ன? அந்தப் பருவத்தில் அதே ஆட்கள், அதே காரில், அதே சாரதிகளோடு சேர்த்த 59 புள்ளிகளும் அழிந்தன. ஓகஸ்ட் 26 ஆம் திகதி பெல்ஜியத்தில் பூச்சியத்திலிருந்து தொடங்கி, 5 ஆம் 6 ஆம் இடங்களில் வந்து ஒரே நாளில் 18 புள்ளி எடுத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, இருபது வருட ஆசிரியர் சேவையை வைத்துக்கொண்டு புது நாட்டில் துப்புரவு வேலையில் தொடங்கிய எங்கள் ஆட்கள். சரி, விடயத்துக்கு வருவோம். அந்த அணி இப்போது அஸ்ரன் மார்ட்டின். அதன் காரில் சவூதி அராம்கோவின் பெயர் இருக்கிறது.

அமெரிக்காவில் இதைவிட வெளிப்படையாக நடந்தது. அங்கே பெரிய பந்தயம் ஸ்ரொக் கார் பந்தயம். கடையில் விற்கும் காரையே ஓட்டுவது என்ற அர்த்தத்தில் தொடங்கியது. இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் கடைக் கார். நாஸ்கார் என்ற அமைப்பு 1948 இலிருந்து இதை நடத்துகிறது. 2005 முதல் 2012 வரை அங்கே ஒரு விதி இருந்தது: உரிமையாளர் புள்ளிப்பட்டியலில் முதல் 35 இடத்துக்குள் இருக்கும் காருக்குத் தொடக்கக் கோட்டில் இடம் நிச்சயம். மற்றவர்கள் வேகத்தைக் காட்டித் தகுதி பெற வேண்டும், தவறினால் வீட்டுக்குப் போக வேண்டும். 2007 யூலையில் ஜின் ரேசிங் என்ற அணி, காலஞ்சென்ற டேல் ஏர்ன்ஹார்டின் அணியோடு இணைக்கப்பட்டது. ஜின்னின் 14 ஆம் இலக்கக் காருடைய புள்ளிகளை, ஏர்ன்ஹார்ட் அணியில் தடுமாறிக்கொண்டிருந்த 15 ஆம் இலக்கக் காருக்குக் கொடுத்தார்கள். அதன் சாரதி போல் மெனார்ட்டுக்கு அடுத்த பந்தயத்திலிருந்து இடம் நிச்சயமானது. அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதியைச் சேர்த்துக் கொடுத்த முதிய சாரதி ஸ்ரேர்லிங் மார்லின் அதற்குச் சில நாள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தார். உழைத்தவர் ஒருவர், கோட்டில் நின்றவர் வேறொருவர்.

டுபாய்க்கும் இந்த ஸ்ரொக் கார்களுக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தை 2007 சனவரியில் டுபாய் இன்ரர்நஷனல் கப்பிற்றல் வாங்கப் போகிறது என்றிருந்தது. கடைசி நேரத்தில் அது குழம்பி, ஜோர்ஜ் ஜில்லெட், ரொம் ஹிக்ஸ் என்ற இரு அமெரிக்கர் வாங்கினார்கள். அந்த ஜில்லெட் அதே வருடம் எவர்ன்ஹாம் என்ற நாஸ்கார் அணியின் பெரும் பங்கையும் வாங்கினார். 2009 சனவரியில் அதனோடு இணைக்கப்பட்டது பெற்றி என்ரர்பிரைசஸ். 1949 இல் லீ பெற்றி தொடங்கிய குடும்பக் கம்பனி, 268 வெற்றிகள். மகன் ரிச்சர்ட் பெற்றி மட்டும் 200 பந்தயம் வென்றவர். இணைந்த அணிக்கு ரிச்சர்ட் பெற்றியின் பெயரையே வைத்தார்கள். பணம் ஜில்லெட்டுடையது, பட்டறை எவர்ன்ஹாமுடையது. பெற்றியின் ஆட்களில் பலருக்கு வேலை போனது. ரிச்சர்டின் மகன் கைல் பெற்றிக்கே அந்தப் பெயரிலான அணியில் ஓட்டக் கார் இல்லை. பெயரும் அவருடைய 43 ஆம் இலக்கமும் மிஞ்சின. 2010 ஒக்டோபரில் ஜில்லெட் கடனில் விழுந்து லிவர்பூலையும் இழந்தார், பந்தய அணியும் தள்ளாடியது. நவம்பரில் வேறு முதலீட்டாளரோடு சேர்ந்து பெற்றி தன் பெயரைத் தானே மீட்க வேண்டியதாயிற்று.

அதே 2010 இல் நரேன் கார்த்திகேயனும் அமெரிக்காவில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மார்ச் 27 ஆம் திகதி மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்காரின் ட்ரக் பந்தயத்தில் ஓடி 13 ஆவதாக வந்தார். வருட முடிவில் இரசிகர் வாக்கில் அந்தப் பிரிவின் மிகப் பிரபலமான சாரதி அவர்தான். பிறகு எச்ஆர்ரி என்ற ஸ்பானிய அணிக்காக மீண்டும் ஃபோர்மியூலா 1 க்கு வந்தார். 2012 நவம்பர் 4 ஆம் திகதி அபுதாபியில் அவருடைய கார் திடீரென்று வேகம் குறைய, பின்னால் வந்த நிக்கோ ரொஸ்பேர்க்கின் மெர்சிடிஸ் அதன்மேல் ஏறிப் பறந்தது. இருவருக்கும் காயமில்லை. அந்த அணியை வாங்க யாரும் வரவில்லை. அடுத்த வருடத்துக்கான பதிவுப்பட்டியலில் அதன் பெயர் இல்லை.

மெக்லாரனுக்குத் திரும்புகிறேன். 2024 இல் பஹ்ரேனின் மும்தலகாத் குழுமம் முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் அபுதாபியின் சைவன் நிறுவனம் வீதிக் கார் செய்யும் பிரிவை வாங்கி, தன்னிடமிருந்த ஃபோர்செவன் என்ற இளம் கார்க் கம்பனியோடு இணைத்தது. 2025 செப்டெம்பரில், பந்தய அணியில் அமெரிக்க முதலீட்டாளர் வைத்திருந்த பங்கை இந்த இரண்டு வளைகுடா நிறுவனங்களும் சேர்ந்து வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஃபோர்செவன் என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இணைப்புக்குப் பிறகும் பலகையில் இருப்பது, 1970 இல் இறந்துபோன அந்த நியூசிலாந்துக்காரரின் பெயர்.

பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பந்தயத்தில் ஓர் அணி எந்த நாட்டுடையது என்பது, அது எந்த நாட்டு மோட்டார் சங்கத்தின் உரிமப் பத்திரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மெக்லாரனுடையது பிரித்தானிய உரிமம். வென்றால் பிரித்தானிய கீதம் ஒலிக்கும். முதலாளி எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அன்றிரவு சூரிச்சிலிருந்து தொலைபேசி வந்தது. கரவெட்டிப் பொடியன்தான், இப்போது அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. 1990 இல் போனவன், இரண்டு வருடம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதம் போட்டான். கார் பெயின்ற் வேலையையே கடைசிவரை செய்து ஓய்வு பெற்றான். அவன் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஹின்வில் என்ற ஊரில் சௌபர் அணியின் தொழிற்சாலை இருக்கிறது. 1993 இலிருந்து ஃபோர்மியூலா 1 இல் ஓடிய அணி. அதை ஜேர்மனியின் ஔடி வாங்கிவிட்டது, கட்டார் நாட்டின் முதலீட்டு நிதிக்கும் அதில் பங்குண்டு. சௌபர் என்ற பெயரில் கடைசிப் பந்தயம் அன்று அபுதாபியில் நாங்கள் பார்த்ததுதான்.

"பலகையை மாத்தப் போறாங்கள் மச்சான்," என்றான். "எழுத ஆள் வேணுமெண்டால் நான் இருக்கிறன் எண்டு போய்ச் சொல்லட்டோ?"